அலுவலக மென்பொருட்களுக்கான மேகச் சேமிப்புச் சேவைகளின் ஒப்பீடு

அலுவலக மென்பொருட்களுக்கான மேகச் சேமிப்பு என்பது சொற்செயலி, விரிதாள், நிகழ்த்துகை முதலிய மென்பொருட்களில் உருவாக்கப்படும் ஆவணங்களைப் பயனரின் கணினியில் மட்டும் வைக்காது, இணையம் வழியாக அணுகக்கூடிய வழங்கிகளில் சேமித்து வைக்கும் முறை ஆகும். டிராப்பாக்ஸ், மைக்ரோசாப்ட் ஒன்டிரைவ், கூகிள் டிரைவ், சோகோ வொர்க்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் ஆகியன இதற்குப் பயன்படும் சேவைகளுள் சில.

இச்சேவைகள் பெரும்பாலும் அவை இலவசமாகத் தரும் இடத்தின் அளவைக் கொண்டே ஒப்பிடப்படுகின்றன. டிராப்பாக்ஸ் 2 ஜிகாபைட், ஒன்டிரைவ் 5 ஜிகாபைட், பாக்ஸ் 10 ஜிகாபைட், கூகிள் 15 ஜிகாபைட் இடத்தை இலவசமாகத் தருகின்றன. படங்களுக்கும் நிகழ்படங்களுக்கும் இந்த அளவு முக்கியமானது. அலுவலக ஆவணங்களுக்கு அவ்வளவு முக்கியமன்று. 500 கிலோபைட் அளவுள்ள ஆவணங்கள் ஒரு ஜிகாபைட்டில் ஏறத்தாழ 2000 அடங்கும். ஒரே ஆவணத்தை இருவர் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன நிகழும் என்பதும், உள்ளே இட்ட ஆவணம் அதே வடிவில் வெளியே கிடைக்குமா என்பதுமே இங்கு உண்மையான வேறுபாடுகள் ஆகும்.

வரலாறு

இணைய உலாவியில் இயங்கும் அலுவலக மென்பொருட்கள் 2005-ஆம் ஆண்டளவில் தோன்றின. சிறீதர் வேம்பு தலைமையிலான அட்வென்ட்நெட் நிறுவனம் (பின்னாளில் சோகோ, தலைமையகம் சென்னை) 2005-இல் சோகோ ரைட்டர் என்னும் சொற்செயலியை வெளியிட்டது. ரைட்லி என்னும் இணையச் சொற்செயலியை கூகிள் 2006 மார்ச்சில் வாங்கியது. அவ்வாண்டு சூனில் கூகிளின் விரிதாளும் வெளிவந்தது. இவ்விரண்டின் இணைப்பே இன்றைய கூகிள் டாக்ஸ் தொகுதியின் தொடக்கம்.

கோப்பைக் கோப்பாகவே வைத்துக்கொண்டு பல கணினிகளில் ஒத்திசைக்கும் முறை வேறொரு கிளையாக வளர்ந்தது. துரூ கூசுடனும் அராசு பெர்டோசியும் 2007-இல் தொடங்கிய டிராப்பாக்ஸ், 2008 செப்டெம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. மைக்ரோசாப்டின் சேவை 2007-இல் விண்டோசு லைவ் போல்டர்சு என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ஸ்கைடிரைவ் ஆனது. பிரித்தானிய ஒளிபரப்பு நிறுவனமான பிஸ்கைபியின் வணிகக்குறி வழக்கில் 2013-இல் மைக்ரோசாப்ட் தோற்றதால், 2014-இல் அது ஒன்டிரைவ் எனப் பெயர் மாறியது. கூகிள் டிரைவ் 2012 ஏப்பிரலில் வெளிவந்தது.

இன்று காணப்படும் குழப்பங்கள் பலவற்றுக்கு இவ்விரு கிளைகளின் அடிப்படை வேறுபாடே காரணம். முதற்கிளையில் ஆவணம் என்பது வழங்கியில் உள்ள தரவு. கோப்பு என்று ஒன்று இல்லை. இரண்டாம் கிளையில் கோப்பே ஆவணம். வழங்கியில் இருப்பது அதன் நகல்.

பூட்டுக் கோப்புச் சிக்கல்

அலுவலக மென்பொருட்கள் ஓர் ஆவணத்தைத் திறக்கும்போது அதே அடைவில் சிறிய மறைகோப்பு ஒன்றை உருவாக்குகின்றன. மைக்ரோசாப்ட் வேர்ட் உருவாக்கும் கோப்பின் பெயர் ~$ என்னும் குறிகளுடன் தொடங்கும். லிப்ரெஆபிஸ் உருவாக்குவது புள்ளியும் அலைக்குறியும் (.~) கொண்டு தொடங்கி # குறியுடன் முடியும். திறந்தவரின் பெயர் இதனுள் எழுதப்பட்டிருக்கும். இரண்டாமவர் அதே ஆவணத்தைத் திறக்க முயலும்போது மென்பொருள் இக்கோப்பைக் கண்டு, ஆவணம் வேறொருவரின் பயன்பாட்டில் உள்ளது என அறிவித்து, படிக்க மட்டும் இசைவு தரும். அலுவலகத்தின் உள்வலையமைப்பில் உள்ள பொது அடைவில் இம்முறை நன்றாக இயங்குகிறது. இருவரும் பார்ப்பது ஒரே அடைவை என்பதே அதற்குக் காரணம்.

மேக ஒத்திசைவில் இந்த அடிப்படை இல்லை. ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனி அடைவு உள்ளது. அவற்றுக்கிடையே கோப்புகள் பிரதி செய்யப்படுகின்றன. மேலும், டிராப்பாக்ஸ் ~$ என்றும் .~ என்றும் தொடங்கும் கோப்புகளைத் தற்காலிகக் கோப்புகளாகக் கருதி ஒத்திசைப்பதில்லை. ஒன்டிரைவும் ~$ என்று தொடங்கும் பெயர்களை ஏற்பதில்லை. வீண் கோப்புகளைக் குறைக்க எடுக்கப்பட்ட முடிவு இது, தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் இதன் விளைவாகப் பூட்டு மறுகணினியைச் சென்றடைவதே இல்லை.

எடுத்துக்காட்டாக, ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் விரிதாள் ஒன்று டிராப்பாக்ஸ் அடைவில் உள்ளது எனக் கொள்வோம். கணக்காளர் அதை லிப்ரெஆபிசில் காலை 10 மணிக்குத் திறந்து விடுப்புக் கழிவுகளைப் பதிகிறார். மேலாளர் வேறோர் ஊரிலிருந்து 10.15-க்கு அதையே திறந்து இரு ஊழியரின் படியைத் திருத்துகிறார். எவருக்கும் எச்சரிக்கை வராது. மேலாளர் முதலில் சேமிக்கிறார். அது வழங்கியை அடைகிறது. பின்னர் கணக்காளர் சேமிக்கும்போது, தனக்குக் கிடைத்த கோப்பு முந்தைய பதிப்பிலிருந்து கிளைத்தது என்பதை டிராப்பாக்ஸ் கண்டறிந்து, அதை முரண் நகல் என்ற பின்னொட்டும் பெயரும் நாளும் சேர்த்துத் தனிக் கோப்பாக வைக்கும். தரவு எதுவும் அழியவில்லை. ஆனால் இப்பொழுது இரு பட்டியல்கள் உள்ளன; இரண்டும் அரைகுறை. சம்பளம் எதைக்கொண்டு வழங்கப்படும் என்பது அடைவை யார் கவனமாகப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது.

முரண் நகல் உருவாவதைச் சேவையின் குறையாகப் பயனர்கள் கருதுவதுண்டு. உண்மையில் அதுவே பாதுகாப்பு. இறுதியாகச் சேமித்தவரின் கோப்பு முந்தையதை மேலெழுதிவிடும் முறையே ஆபத்தானது. ஒன்டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் ஆகியனவும் முரண் ஏற்படும்போது இவ்வாறே இரண்டாம் நகலை வைக்கின்றன. ஒன்டிரைவ் கோப்புப் பெயருடன் கணினியின் பெயரைச் சேர்க்கிறது.

இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களில் இச்சிக்கல் கூடுதலாக எழும். மடிக்கணினியில் இணைப்பின்றி மாலை முழுதும் திருத்திய ஆவணம் மறுநாளே வழங்கியை அடைவதால், முரணுக்கான காலவெளி நிமிடங்களிலிருந்து மணிகளாக விரிகிறது.

மைக்ரோசாப்ட் ஆக்செசு போன்ற தரவுத்தளக் கோப்புகளை ஒத்திசைவு அடைவில் வைத்துப் பலர் பயன்படுத்துவது எச்சேவையிலும் கூடாது. அத்தகைய கோப்பு உள்ளே பகுதி பகுதியாக எழுதப்படுவது. அதை முழுக்கோப்பாகப் பிரதி செய்யும் நிரல் நடுநிலையில் உள்ள ஒன்றைப் பிரதி செய்துவிடக்கூடும்.

கூட்டுத் தொகுத்தல்

பூட்டுக்கு மாற்றாக அமைந்தது கூட்டுத் தொகுத்தல். இதில் கோப்பு முழுமையாகப் பரிமாறப்படுவதில்லை. ஒவ்வொருவரும் செய்யும் மாற்றங்கள் மட்டும் பரிமாறப்படுகின்றன. கூகிள் டாக்ஸ் செயல் உருமாற்றம் என்னும் நுட்பத்தைக் கொண்டு இதைச் செய்கிறது. ஒருவர் பத்தாம் எழுத்துக்குப் பின் ஒரு சொல்லைச் சேர்க்க, அதே கணத்தில் மற்றவர் இருபதாம் எழுத்தை நீக்கினால், நீக்க வேண்டிய இடம் சொல்லின் நீளத்துக்கேற்ப நகர்த்திக் கணக்கிடப்படும். முரண் நகல் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

மைக்ரோசாப்ட் இதை நிறுவப்பட்ட மென்பொருளிலும் இயலச் செய்துள்ளது. வேர்ட் 2010 முதல் சேர்பாயின்ட் வழியாக ஓரளவு கூட்டுத் தொகுத்தல் இருந்தது. கணினியில் நிறுவப்படும் எக்செலுக்கு அது 2017-இல் தான் வந்தது. ஒன்டிரைவ் அடைவில் உள்ள ஆவணத்தை இன்றைய வேர்ட் திறக்கும்போது, அது வன்தட்டில் உள்ள கோப்பை மட்டும் நம்பாமல் வழங்கியுடன் நேரடியாகத் தொடர்பு கொள்கிறது. எனவே பூட்டுக் கோப்பு ஒத்திசைக்கப்படாதது அங்கு ஒரு குறையாவதில்லை. ஆனால் இவ்வசதிக்கு மைக்ரோசாப்ட் மென்பொருளும் மைக்ரோசாப்ட் சேமிப்பகமும் இணைந்திருக்க வேண்டும். ஆவணமும் பழைய டாக் வடிவில் அன்றிப் புதிய டாக்எக்ஸ் வடிவில் இருக்க வேண்டும். அதே ஒன்டிரைவ் அடைவிலுள்ள கோப்பை லிப்ரெஆபிசில் திறந்தால் மேற்சொன்ன சம்பளப் பட்டியலின் நிலையே ஏற்படும்.

ஆகவே சேவையைத் தனியாகவும் மென்பொருளைத் தனியாகவும் ஒப்பிடும் அட்டவணைகள் பயனரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும். ஒப்பிட வேண்டியது இணைகளையே.

சேவைகள்

டிராப்பாக்ஸ் எந்த அலுவலக மென்பொருளுடனும் பாகுபாடின்றி இயங்குவது. லினக்சு இயங்குதளத்துக்கும் அதிகாரபூர்வ நிரல் உண்டு. 2018-இல் எக்ஸ்ட்4 தவிர்ந்த கோப்பு முறைமைகளுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் 2019-இல் சிலவற்றுக்கு மீண்டும் வழங்கப்பட்டது. இலவசக் கணக்கில் மூன்று கருவிகளை மட்டுமே இணைக்கலாம் என்ற வரம்பு 2019 மார்ச்சு முதல் உள்ளது. மைக்ரோசாப்டுடன் 2014-இல் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, டிராப்பாக்ஸ் கோப்புகளை வேர்ட், எக்செல் இணையப் பதிப்புகளில் திறந்து தொகுக்கலாம்.

ஒன்டிரைவ் மைக்ரோசாப்ட் ஆபிசுடன் மிக நெருக்கமாக இணைந்தது. 2017-இல் அறிமுகமான தானியங்கிச் சேமிப்பு, ஒன்டிரைவிலோ சேர்பாயின்டிலோ உள்ள கோப்புகளுக்கு மட்டுமே இயங்கும். இதில் ஒரு பழக்கச் சிக்கல் உண்டு. சென்ற ஆண்டின் கடிதத்தைத் திறந்து நாளையும் பெயரையும் மாற்றி வேறு பெயரில் சேமிக்கும் வழக்கம் உடையவர், வேறு பெயர் இடும் முன்னரே மூல ஆவணம் மாறிவிட்டதைக் காண்பார். நகல் எடுத்துவிட்டுத் திருத்துவதே இங்கு முறை. சேமிப்பு இடம் குறித்த வாக்குறுதிகளிலும் மைக்ரோசாப்ட் மாறியுள்ளது: ஆபிஸ் 365 சந்தாதாரர்களுக்கு 2014-இல் அறிவித்த வரம்பற்ற இடத்தை 2015 நவம்பரில் 1 டெராபைட்டாகக் குறைத்தது, 15 ஜிகாபைட்டாக இருந்த இலவச இடம் 2016-இல் 5 ஆனது.

கூகிள் டிரைவில் உள்ள கூகிள் டாக்ஸ் ஆவணங்கள் பயனரின் கணினி அடைவில் கோப்புகளாகத் தோற்றமளித்தாலும், அவை வழங்கியைச் சுட்டும் சில பைட்டு அளவிலான சுட்டிகளே ஆகும். அந்த அடைவை வெளி வன்தட்டுக்குப் பிரதி செய்து, காப்புநகல் எடுத்துவிட்டதாக நினைப்பவரிடம் உண்மையில் ஒரு வரிகூட இராது. உள்ளடக்கம் வேண்டுமெனில் ஒவ்வோர் ஆவணத்தையும் ஏற்றுமதி செய்ய வேண்டும். அல்லது கூகிள் டேக்கவுட் வழியாக மொத்தமாகப் பெற வேண்டும். டாக்எக்ஸ் கோப்புகளை மாற்றாமல் அப்படியே தொகுக்கும் வசதி 2019-இல் வந்தது. லினக்சுக்கு கூகிளின் அதிகாரபூர்வ ஒத்திசைவு நிரல் இல்லை.

சோகோ வொர்க்டிரைவ் தனிநபரை விடக் குழுக்களை நோக்கி அமைந்தது. ஆவணம் உருவாக்கியவரின் கணக்கில் அன்றிக் குழுவின் பொது அடைவில் இருப்பதால், ஒருவர் பணியிலிருந்து விலகும்போது அவருடைய ஆவணங்களைத் தேடி மாற்றும் வேலை குறைகிறது. தொகுப்பதற்கு சோகோவின் சொந்த மென்பொருட்களே பயன்படுகின்றன.

நெக்ஸ்ட்கிளவுட் கட்டற்ற மென்பொருள். ஓன்கிளவுட் திட்டத்தைத் தொடங்கிய பிராங்கு கார்லிச்செக் 2016-இல் அதிலிருந்து பிரிந்து இதைத் தொடங்கினார். இது ஒரு சேவை அன்று. சொந்த வழங்கியிலோ வாடகை வழங்கியிலோ நிறுவிக்கொள்ள வேண்டியது. இதனுடன் லிப்ரெஆபிசை அடிப்படையாகக் கொண்ட கொலபொரா ஆன்லைனையோ ஒன்லிஆபிசையோ இணைத்தால் உலாவியிலேயே கூட்டுத் தொகுத்தல் இயலும். செருமனியின் சிலெசுவிக்-ஓல்சுடைன் மாநில அரசு ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரெஆபிசுக்கு மாற்றவும், சேர்பாயின்டுக்குப் பதிலாக நெக்ஸ்ட்கிளவுடைப் பயன்படுத்தவும் எடுத்த முடிவை 2024-இல் அறிவித்தது. சிறு அலுவலகங்களுக்கு இதில் உள்ள இடர் வேறு: வழங்கியை இற்றைப்படுத்துவதும் காப்புநகல் எடுப்பதும் அவர்களின் பொறுப்பாகிவிடும். அதற்கென ஆள் இல்லாத இடத்தில் இதை நிறுவுவது உகந்ததன்று.

கோப்பு வடிவங்கள்

ஓடிஎஃப் எனப்படும் திறந்த ஆவண வடிவம் 2006-இலும், மைக்ரோசாப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் 2008-இலும் பன்னாட்டுத் தரங்களாக ஏற்கப்பட்டன. லிப்ரெஆபிஸ், கொலபொரா ஆகியன முதலாவதையும், மைக்ரோசாப்ட் ஆபிஸ், ஒன்லிஆபிஸ் ஆகியன இரண்டாவதையும் தம் இயல்பு வடிவமாகக் கொண்டவை. மற்றதைத் திறப்பது மாற்றமே. மாற்றத்தில் இழப்பு உண்டு. பத்திகளும் எளிய அட்டவணைகளும் பெரும்பாலும் பிழைக்கின்றன. பக்க எல்லைகள், மிதக்கும் படங்கள், படிவப் புலங்கள் ஆகியவற்றில் பிசகு நேரும். எக்செலின் விபிஏ குறுநிரல்கள் கூகிள் விரிதாளிலும் எக்செலின் இணையப் பதிப்பிலும் இயங்குவதில்லை. குறுநிரலை நம்பி நடக்கும் கணக்குப் புத்தகத்தை இணையப் பதிப்புக்கு மாற்றும் முன் இதைச் சோதித்தல் வேண்டும்.

அளவிலும் வேறுபாடு உண்டு. எக்செல் 2007 முதல் ஒரு தாளில் 10,48,576 நிரைகளும் 16,384 நிரல்களும் கொண்டது. கூகிள் விரிதாளில் ஒரு கோப்பு முழுவதற்கும் 1 கோடிக் கட்டங்கள் என்பது வரம்பு. 20 நிரல்கள் கொண்ட பட்டியல் அங்கு 5 இலட்சம் நிரைகளில் முடிந்துவிடும்.

தமிழ் ஆவணங்கள்

ஒருங்குறிக்கு முந்தைய பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்கள் தமிழ்நாட்டு, இலங்கை அலுவலகங்களில் இன்றும் ஏராளம். இவற்றின் கோப்பினுள் இருப்பவை இலத்தீன் எழுத்துக் குறிகளே; எழுத்துருவே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. உலாவியில் இயங்கும் சொற்செயலியில் அவ்வெழுத்துரு இல்லாதபோது ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். சேவையின் தேடல் வசதியும் இவற்றில் தமிழ்ச் சொற்களைக் கண்டுபிடிக்காது. கூகிள் டாக்சில் பயனர் தம் எழுத்துருவை ஏற்ற இயலாது. கொலபொரா, ஒன்லிஆபிஸ் ஆகியவற்றைச் சொந்த வழங்கியில் நிறுவுவோர் வேண்டிய எழுத்துருக்களை அவ்வழங்கியிலேயே நிறுவலாம். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. பழைய ஆவணங்களை மேகத்துக்கு ஏற்றும் முன்னர் ஒருங்குறிக்கு மாற்றுவதே நிலையான தீர்வு.

கோப்புக்குத் தமிழில் பெயரிடுவதில் இரு நுணுக்கங்கள் உள்ளன. முதலாவது நீளம். லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு கொள்வதால் 85 குறியீடுகளே கிடைக்கும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனிக் குறியீடுகள். ஆறு எழுத்துள்ள ‘அலுவலகம்’ என்ற சொல் எட்டுக் குறியீடுகள், அதாவது 24 பைட்டுகள். விண்டோசில் செல்லுபடியாகும் நீண்ட பெயர் லினக்சு கணினிக்கு ஒத்திசையாமல் நின்றுபோவது இதனால்தான். முரண் நகலுக்கான பின்னொட்டு சேரும்போது பெயர் மேலும் நீளும்.

இரண்டாவது, ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள். ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அத்தகைய மேக் கணினியிலிருந்து வந்த ‘கொள்முதல்’ என்ற அடைவும், லினக்சில் உருவாக்கிய ‘கொள்முதல்’ என்ற அடைவும் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கக்கூடும்.

பதிப்பு வரலாறு

தவறுதலாக மேலெழுதிய ஆவணத்தின் முந்தைய பதிப்பை மீட்கும் வசதி எல்லாச் சேவைகளிலும் உண்டு. கால எல்லைகளே வேறுபடும். டிராப்பாக்சின் இலவசக் கணக்கில் 30 நாட்கள். கூகிள் டிரைவில் டாக்எக்ஸ் முதலிய பிற கோப்புகளுக்கு 30 நாட்கள் அல்லது 100 பதிப்புகள். தனிநபர் ஒன்டிரைவில் கடைசி 25 பதிப்புகள். ஆண்டு இறுதிக் கணக்கில் கண்டறியப்படும் பிழைக்கு 30 நாள் வரலாறு உதவாது.

ஒத்திசைவு காப்புநகல் ஆகாது. ஒரு கணினியில் நீக்கப்பட்ட கோப்பு எல்லாக் கணினிகளிலும் நீங்கும். ஒத்திசைவு நிரலிலேயே வழு ஏற்படுவதும் உண்டு. 2023 நவம்பரில் கூகிள் டிரைவின் கணினி நிரலின் 84-ஆம் பதிப்பைப் பயன்படுத்திய சிலர் தம் கோப்புகள் காணாமற் போனதாக முறையிட்டனர். கூகிள் அடுத்த மாதம் மீட்பு வசதி ஒன்றை வெளியிட்டது.

மறையீடு

பெருஞ்சேவைகள் யாவும் கோப்புகளை வழங்கியில் மறையீடு செய்தே வைக்கின்றன. ஆனால் சாவி பொதுவாகச் சேவையிடமே இருக்கும். உலாவியில் ஆவணத்தைக் காட்டவும் தேடவும் தொகுக்கவும் அது தேவை. கிரிப்டோமேட்டர் போன்ற கட்டற்ற மென்பொருளால் பயனரே மறையீடு செய்துவிட்டு ஏற்றினால் சேவையால் படிக்க இயலாது. உலாவியில் தொகுக்கவும் இயலாது. கிரிப்ட்பேடு, 2024-இல் வெளிவந்த புரோட்டான் டாக்ஸ் ஆகியன மறையீட்டையும் கூட்டுத் தொகுத்தலையும் சேர்த்துத் தருகின்றன. கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் தொலைத்தால் ஆவணமும் தொலைந்ததே.

சேவை நிறுத்தம்

கனோனிக்கல் நிறுவனம் 2009-இல் தொடங்கிய உபுண்டு ஒன் சேவை 2014 சூன் 1-இல் நிறுத்தப்பட்டது. கோப்புகளை எடுத்துக்கொள்ளச் சூலை இறுதி வரை காலம் தரப்பட்டது. சேவை நிற்காமலேயே கணக்கு நிற்கவும் கூடும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை கூகிள் 2023 திசம்பர் முதல் நீக்கி வருகிறது. சங்கங்கள், கோயில் குழுக்கள் முதலியவற்றில் செயலாளர் ஒருவரின் தனிக் கணக்கிலேயே ஆவணங்கள் யாவும் இருப்பது வழக்கம் என்பதால், பொறுப்பு மாறும்போது ஆவணங்களின் உரிமையையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

ஒத்திசைவு அடைவில் உண்மையான கோப்புகள் இருக்கும் சேவைகளில் நிறுத்தத்தின் பாதிப்பு குறைவு. கணினியில் உள்ள நகல் எஞ்சும். ஆனால் இடத்தை மிச்சப்படுத்தக் கோப்பின் பெயரை மட்டும் காட்டி, திறக்கும்போது பதிவிறக்கும் வசதி (ஒன்டிரைவில் 2017 முதல்) இயக்கத்தில் இருப்பின், பெயர் தெரியும் கோப்புகள் யாவும் கணினியில் உள்ளன எனக் கொள்ள முடியாது. விண்டோசில் மேகப் படக்குறி இருப்பின் கோப்பு வழங்கியில் மட்டும் உள்ளது. பச்சைச் சரிக்குறி இருப்பின் கணினியிலும் உள்ளது.